ஊரின் தாய்: சொகோட்டோவின் ஆசிரியை நானா அஸ்மா

நம்மில் பெரும்பாலோர் அரபு எழுத்துக்களை முதன்முதலில் கற்றது ஒரு பெண்மணியின் முன்னிலையில்தான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். மடியில் கைக்குழந்தை ஒன்று சிணுங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கிடையே, ரிஹால் பலகைகளின் முன்னே வரிசையாக அமர்ந்து ஓதும் சிறுவர் சிறுமியரின் பிழை ஒவ்வொன்றையும் அந்த அம்மையாரின் செவி தவறாமல் பிடித்துக்கொள்ளும். அவருடைய பெயர் என்னவென்று இன்று எவரேனும் வினவினால் நாம் சற்றுத் திகைத்துப்போகிறோம். 'ஓதிக் கொடுத்த உம்மா' என்போம். இன்னார் வீட்டுக்காரர் என்போம். அதற்குமேல் நமக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிவாசல் கட்டிய செல்வரின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறோம். மதரஸா நிறுவிய ஆலிம் பெருந்தகையின் பெயரை ஆண்டுதோறும் கூறி ஃபாத்திஹா ஓதுகிறோம். ஓர் ஊர் முழுமைக்கும் எழுத்தறிவித்த தாய்மாருக்கோ நம் ஏடுகளில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

இந்தக் குறையை எண்ணும்போதெல்லாம் நம் நினைவில் வந்து நிற்பவர் ஒருவர் உண்டு. அவர் நம் நாட்டவரல்லர். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் வடமேற்குப் பகுதியில் 1793 முதல் 1864 வரை வாழ்ந்தவர். கணவருக்கு மனைவியாய், ஆண்மக்கள் பலருக்குத் தாயாய், ஆட்களும் விருந்தினரும் அகலாத பெருங்குடும்பம் ஒன்றின் தலைவியாய் இருந்துகொண்டே, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஆசிரியையாகவும் விளங்கியவர். அவருடைய பெயர் அஸ்மா. மக்கள் அவரை மரியாதையோடு 'நானா அஸ்மா' என்றழைத்தனர். நானா என்றதும் நம் கடற்கரை ஊர்க்காரர்கள் மூத்த சகோதரரை நினைத்துக்கொள்ளக் கூடும். ஹவுஸா மொழியில் அது கண்ணியமிக்க பெண்டிர்க்கு வழங்கும் அடைமொழியாகும். அவருக்கு மற்றொரு பெயரும் இருந்தது: 'உவர் கரி'. ஊரின் தாய் என்பது அதன் பொருள்.

அவர் பிறந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். கோபிர் என்னும் ஹவுஸா நாட்டில் தெகெல் என்றொரு சிற்றூர். அங்கே மாலிக்கி மத்ஹபின் பேரறிஞராகவும் காதிரிய்யா நெறியின் ஷைகாகவும் விளங்கியவர் உஸ்மான் தன் ஃபோதியோ (1754–1817). ஷெஹு என்று இன்றும் அந்நாட்டு மக்கள் போற்றும் அப்பெரியாரின் அன்னையும் பாட்டியும் ஓதிக் கொடுக்கும் அளவுக்குக் கற்றவர்கள். எனவே பெண்கல்வி அக்குடும்பத்திற்குப் புதிதன்று. ஆயினும் வெளியே நிலைமை வேறாயிருந்தது. ஆலிம்களிற் பலர் ஊராருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தம் மனைவியரையும் மகளிரையும் அறியாமை இருளில் விட்டு வைத்திருந்தனர். ஷெஹு இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பெண்ணை வீட்டுப் பாண்டமாகக் கருதி, உடையும்வரை பயன்படுத்திவிட்டு, உடைந்தபின் குப்பையில் எறிகிறார்கள் என்ற பொருள்பட அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டதா இது என்ற வியப்பு நமக்கு உண்டாகிறது. மார்க்கக் கடமைகளை அறிந்துகொள்ளுதல் பெண்ணுக்கும் கட்டாயம். கணவன் கற்பிக்க வேண்டும், இன்றேல் அவள் கற்கச் செல்வதைத் தடுக்கக் கூடாது என்பது அவருடைய முடிவாயிருந்தது. அவர் சொற்பொழிவு நிகழ்த்திய இடங்களில் பெண்களும் அமர்ந்து கேட்டனர். அதைக் குறைகூறிய ஆலிம்களுக்கு அவர் எழுத்திலேயே பதிலளித்தார்.

அத்தகைய தந்தைக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆண்குழந்தைக்கு ஹஸன் என்று பெயர். வழக்கப்படி பெண்குழந்தைக்கு ஹுஸைனா என்று பெயரிட்டிருக்க வேண்டும். தந்தையோ அஸ்மா என்று பெயர் சூட்டினார். ஹிஜ்ரத்தின்போது தவ்ர் குகையில் தங்கியிருந்த அண்ணல் நபிக்கும் (ஸல்) தம் தந்தைக்கும் உணவு கொண்டு சென்றவர், கச்சையை இரண்டாகக் கிழித்து உணவுப் பையைக் கட்டியவர், அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அல்லவா? அந்தப் பெயருக்குரிய சோதனை இக்குழந்தைக்கும் பதினோராம் வயதிலேயே வந்து சேர்ந்தது.

கோபிர் மன்னர் நஃபத்தா, முஸ்லிமாகப் பிறந்தவர்களன்றி வேறெவரும் இஸ்லாத்தில் இருத்தல் கூடாதென்றும், ஆண்கள் தலைப்பாகையும் பெண்கள் முக்காடும் அணிதல் கூடாதென்றும் ஆணையிட்டார். அவருக்குப் பின் வந்த யூன்ஃபாவின் காலத்தில் பகை முற்றியது. 1804 பிப்ரவரியில் ஷெஹுவும் அவர்தம் மக்களும் தெகெலை விட்டு குது என்னுமிடத்திற்கு ஹிஜ்ரத் செய்தனர். பிறகு நான்காண்டுப் போர். 1808இல் கோபிரின் தலைநகரான அல்காலவா வீழ்ந்தது. 1809இல் ஷெஹுவின் மகன் முஹம்மது பெல்லோ சொகோட்டோ நகரை நிர்மாணித்தார். அல்காலவாவைக் கொளுத்த எரிகொள்ளியை வீசிக் கொடுத்தவர் அஸ்மாதான் என்று மக்கள் ஒரு கதை சொல்வதுண்டு. அது நடந்ததோ இல்லையோ, அவருடைய பெருமைக்கு அக்கதை தேவையில்லை என்பது நம் கருத்து. போர் முடிந்த பிறகு செய்ய வேண்டியிருந்த வேலைதான் அவருடைய வேலை.

அவருடைய தாயார் மைமூனா, மகள் சிறு குழந்தையாயிருந்தபோதே காலமாகிவிட்டார். தந்தையின் ஏனைய மனைவியர் அவரை வளர்த்தனர். அந்த வீட்டில் புத்தகத்திற்குப் பஞ்சமில்லை, ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. குர்ஆனோடு அரபு இலக்கணம், ஃபிக்ஹு, தஸவ்வுஃப் ஆகியவற்றைக் கற்றார். அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா, தமஷெக் என நான்கு மொழிகள் அவருக்குக் கைவந்திருந்தன. ஏறத்தாழ 14ஆம் வயதில், பெல்லோவின் உற்ற தோழரான கிதாதோ என்பாருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். 1817இல் ஷெஹு வஃபாத்தானதும் பெல்லோ கலீஃபாவானார். கிதாதோ அவருடைய வஸீரானார்.

அந்த இல்லறத்தைப் பற்றி ஒரு செய்தி நம் மனத்தைக் கவர்கிறது. ஷெஹு மறைந்தபின், சிதறிக் கிடந்த அவருடைய எழுத்துச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பணியில் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஈடுபட்டனர். நாடாளும் பொறுப்பில் பாதியைச் சுமந்த வஸீரும், பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவியும் பழைய ஏடுகளின் முன் ஒன்றாய் உட்கார்ந்திருந்த காட்சியை எண்ணிப் பார்க்கலாம். பேரறிஞரின் மகளாயிற்றே என்று கணவர் அஞ்சி ஒதுங்கவுமில்லை. வஸீரின் மனைவிக்கு ஏன் இந்த வேலை என்று தடுக்கவுமில்லை.

கிதாதோவின் மாளிகை ஒரு வீடு என்பதைவிட ஒரு சிற்றூர் என்பதே பொருந்தும். சக களத்தியரும் அவர்தம் மக்களும் உறவினரும் பணியாளரும் வாழ்ந்த இடம் அது. வழிப்போக்கரும் வறியவரும் வந்துகொண்டேயிருப்பர். அத்தனை பேருக்கும் தானியம் அளந்து கொடுப்பதிலிருந்து நோயுற்றவர்க்கு மருந்து தருவது வரை அஸ்மாவின் பார்வையில் நடைபெற வேண்டும். கிடைத்துள்ள அவருடைய எழுத்துக்கள் 1820ஆம் ஆண்டிலிருந்து தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கின்றன, எண்ணிக்கையில் அறுபதளவாகின்றன. இவற்றில் ஒன்றையேனும் அவர் சாவகாசமாக உட்கார்ந்து எழுதியிருக்க முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி அவருடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவோம். பள்ளிக்கூடம் என்றவுடன் கட்டடத்தையும் மணியோசையையும் நினைக்க வேண்டாம்.

போர் ஓய்ந்த நாட்டில் இடம் பெயர்ந்த பெண்களும், கணவரை இழந்த பெண்களும், சிறைபிடிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்ட பெண்களும் ஏராளமாயிருந்தனர். இந்த இடத்தில் ஓர் உண்மையை நாம் மறைத்தல் தகாது. சொகோட்டோ கிலாஃபத் பெருமளவு அடிமைகளின் உழைப்பை நம்பி வாழ்ந்த அரசு. அஸ்மாவின் வீடும் அதற்கு விலக்கன்று. அவருடைய காலம் அதை ஏற்றுக்கொண்டிருந்தது என்று சொல்லலாமேயன்றி, அது சரியென்று நாம் சொல்ல மாட்டோம். எனினும், தோற்ற நாட்டின் பெண்களைத் தோற்றவர்களாகவே விட்டுவிடாமல் தமக்குச் சமமாக உட்கார்த்திவைத்துக் கற்பிக்க வேண்டும் என்று அவர் எண்ணினார் என்பதும் உண்மையே.

அப்பெண்கள் பேசிய மொழி ஹவுஸா. ஷெஹுவின் குடும்பத்தார் பேசியது ஃபுல்ஃபுல்தே. தந்தையின் போதனைப் பாடல்களிற் பல ஃபுல்ஃபுல்தேயில் இருந்தமையால், ஹவுஸாப் பெண்களுக்கு அவை எட்டவில்லை. அஸ்மா அவற்றை ஹவுஸா மொழியில் ஆக்கினார். தாமே புதிதாகவும் பாடினார். ஹவுஸாவையும் ஃபுல்ஃபுல்தேயையும் அவர் எழுதியது அரபு எழுத்தில். அரபுத்தமிழில் மஸ்அலாவும் மாலையும் முனாஜாத்தும் எழுதிப் படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அரபு எழுத்தின் அழகை விடவும் மனமில்லை, தாய்மொழியின் சுவையை விடவும் மனமில்லை என்ற நம் முன்னோரின் நிலையேதான் அங்கும் இருந்தது. பாட்டியர் வாய்ப்பாடமாகச் சொல்லும் பாடல்களில் மார்க்கச் சட்டம் அடங்கியிருப்பதும் நமக்குப் பழக்கமானதேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. குர்ஆனின் 114 சூராக்களின் பெயர்களையும் முப்பது அடிகளுக்குள் கோத்து அஸ்மா ஒரு பாடல் செய்திருக்கிறார். அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா ஆகிய மூன்று மொழிகளிலும் அதனை இயற்றினார். மேலோட்டமாகப் பார்த்தால் அது வெறும் பெயர்ப் பட்டியல்தான். பாடம் நடத்துகிறவருக்கோ அது ஒரு முழுப் பாடத்திட்டம். பாடலை ஒருத்தி மனனம் செய்துகொண்டால் போதும். பிறகு ஒவ்வொரு பெயராக எடுத்து, அந்த சூராவின் கருத்தையும் அதில் வரும் நபிமார் வரலாற்றையும் விரித்துச் சொல்லிக்கொண்டே போகலாம். மாதக்கணக்கில் பாடம் நடக்கும். காகிதம் கிடைப்பது அரிதாயிருந்த நாட்டில், மாணவியின் நினைவையே ஏடாக்கிக்கொண்டவர் அவர்.

தூரத்துக் கிராமத்துப் பெண்கள் எவ்வாறு கற்பார்கள்? இதற்கு அவர் கண்ட வழிதான் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. கிராமந்தோறும் நம்பிக்கைக்குரிய, அறிவும் நிதானமும் உள்ள ஒரு பெண்ணைத் தலைவியாக நியமித்தார். அத்தலைவிக்கு 'ஜாஜி' என்று பெயர். வணிகக் கூட்டத்தை வழிநடத்திச் செல்பவருக்கு வழங்கிய சொல் அது. ஜாஜியின் தலைமையில் பெண்கள் குழுவாகச் சொகோட்டோவுக்கு நடந்து வருவர். வருகிறவர்கள் நடுவயது கடந்த மூதாட்டியரும், இன்னும் மணமாகாத சிறுமியருமாவர். கைக்குழந்தையும் குடும்பமுமாயிருக்கும் இளம் தாய்மார் வீட்டிலிருப்பர். ஜாஜி திரும்பிச் சென்று அவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே கற்பிப்பார். பிள்ளை பெற்ற தாயின் நிலை இன்னொரு தாய்க்குத்தானே தெரியும்! 'யன் தாரு' என்று இவ்வியக்கத்திற்குப் பெயர். ஒன்றுகூடியவர்கள் என்று பொருள் கொள்ளலாம்.

ஜாஜியாக நியமிக்கப்பட்டவருக்கு அஸ்மா தம் கையாலேயே ஒரு தொப்பி வழங்குவார். அகன்ற விளிம்புடைய 'மல்ஃபா' அது. அதன்மேல் ஒரு சிவப்புத் துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டுவர். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோபிர் நாட்டில் 'போரி' என்ற ஆவி வழிபாடு ஓங்கியிருந்தது. அவ்வழிபாட்டின் தலைவியாயிருந்த பெண்மணிக்கு 'இன்னா' என்று பெயர். மல்ஃபா அவருடைய அதிகாரச் சின்னங்களுள் ஒன்று. பெண்ணொருத்தி தலைமை தாங்குவதைக் கண்டு பழகிய மக்கள் அவர்கள். அந்தத் தலைமையைப் பறித்து எறிந்திருந்தால் அப்பெண்கள் மனம் கசந்து விலகியிருப்பர். அஸ்மா தொப்பியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பொருளை மட்டும் மாற்றினார். இனி அதை அணிபவள் ஆவிகளை அழைப்பவளல்லள். வுளூவையும் தொழுகையையும் ஹலால் ஹராமையும் சொல்லிக் கொடுப்பவள். பழைய பழக்கங்களை எதிர்த்து மேடையில் முழங்கும் நம் காலத்துச் சீர்திருத்தப் பேச்சாளர்கள் அந்தத் தொப்பியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தல் நலம்.

வரும் பெண்கள் வெறுங்கையோடு வருவதில்லை. தானியமும் வெண்ணெயும் துணியுமாகக் காணிக்கை கொண்டுவருவர். அது அஸ்மாவின் களஞ்சியத்தில் தங்குவதில்லை. ஏழைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் சென்றுவிடும். பாடம் கேட்பதோடு, குடும்பச் சிக்கல்களைச் சொல்லி ஆலோசனையும் பெற்று, துஆவும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புவர்.

ஆண் அறிஞர்களும் அவரை மதித்தனர். மேற்கே தூரத்து ஷிங்கீத் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற ஓர் ஆலிமை வரவேற்று அவர் அரபியில் கவிதை எழுதியிருக்கிறார். பெல்லோ அனுப்பிய கவிதைக்கு, அல்இன்ஷிராஹ் சூராவின் ஓர் ஆயத்தினது எழுத்துக்களை அடிகளின் முதலெழுத்தாக வைத்து விடை எழுதினார். பெல்லோ உரைநடையில் எழுதிய ஸூஃபிப் பெண்டிர் வரலாற்றை அவர் பாடலாக்கினார். அதில் பஸராவின் ராபிஆ (ரஹ்) அவர்களோடு, தம் நாட்டில் வாழ்ந்த பக்தியுள்ள பெண்டிரின் பெயர்களையும் சேர்த்து வைத்தார். புனிதம் என்பது பஸராவுக்கும் பக்தாதுக்கும் மட்டும் உரியதன்று, நம் தெருவிலும் அது நடமாடியது என்று தம் மாணவியருக்குச் சொல்ல விரும்பினார் போலும்.

1837இல் பெல்லோ மறைந்தார். அருமைச் சகோதரரும் ஆதரவாளருமாயிருந்தவர் அவர். அஸ்மாவின் இரங்கற்பாக்களில் அந்தத் துயரம் மறைக்கப்படவில்லை. 1842இல் கிதாதோ வஸீர் பதவியிலிருந்து விலகினார். மூத்த மகன் அப்துல் காதிர் அப்பொறுப்பை ஏற்றார். சகோதரர் வந்தார், மகன் வந்தார், கலீஃபாக்கள் மாறினர். பெண்கள் நடந்து வந்துகொண்டுதான் இருந்தனர்.

இரங்கற்பா என்றோம். அவருடைய எழுத்துக்களில் நம்மை மிகவும் உருக்குபவை அவையே. கலீஃபாவுக்கும் தளபதிக்கும் இரங்கற்பா பாடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். அஸ்மா தம் அண்டை வீட்டுப் பெண் ஹலீமாவுக்கும் 1844இல் இரங்கற்பா பாடினார். அந்த ஹலீமா செய்ததென்ன? பொறுமையாயிருந்தாள்; உறவைப் பேணினாள்; பூசல் வந்தபோது சமாதானம் செய்து வைத்தாள். அவ்வளவுதான். மகப்பேறு பார்த்து, மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு வந்த ஸஹ்ரா என்னும் பெண்மணிக்கும் ஓர் இரங்கற்பா உண்டு. தம்மிடம் பெண்களை அழைத்து வந்துகொண்டிருந்த ஜாஜி ஹவ்வா இறந்தபோது, 1858இல், அவளுக்கும் பாடினார். அப்போது அஸ்மாவுக்கு வயது 65. சிறுமிப் பருவந்தொட்டுப் பழகிய தோழியும், பெல்லோவின் மனைவியுமான ஆயிஷாவை இழந்தபோது எழுதியவையோ, தனிமையை வெளிப்படையாகவே சொல்கின்றன.

பாடல்களை மனனம் செய்யும் பழக்கமுள்ள நாட்டில், பாட்டில் இடம் பெறுதல் என்பது கல்லில் பொறிக்கப்படுவதைவிட மேலானது. ஹலீமாவின் பொறுமையும் ஸஹ்ராவின் கையுதவியும் இவ்வாறுதான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியர் எத்தனை பேர், மய்யித்துக் குளிப்பாட்டிய மூதாட்டியர் எத்தனை பேர்! அவர்களில் எவருக்கு எந்தப் புலவர் பாடினார்?

1864இல் நானா அஸ்மா இறையடி சேர்ந்தார். சொகோட்டோவில் தந்தையின் அடக்கத்தலத்தை ஒட்டி அவரும் நல்லடக்கம் செய்யப்பட்டார். தந்தை மறைந்த ஆண்டில் பிறந்தவர் அவருடைய கடைசித் தம்பி ஈஸா. அத்தம்பிக்குத் தாயாகவும் ஆசிரியையாகவும் இருந்தவர் அஸ்மாதான். அந்த ஈஸாவே தமக்கைக்கு இரங்கற்பா பாடினார். அவருடைய ஃபுல்ஃபுல்தேப் பாடல்கள் சிலவற்றை ஹவுஸாவிலும் ஆக்கினார். யன் தாருவின் தலைமையை இளைய சகோதரி மர்யம் ஏற்றுக்கொண்டார்.

1903இல் ஆங்கிலேயர் சொகோட்டோவைக் கைப்பற்றினர். அதன்பிறகு வந்த கல்விமுறை அரபு எழுத்தில் எழுதப்பட்ட ஹவுஸாவை எழுத்தறிவாகவே கருதவில்லை. கல்வியே பெண்ணுக்குப் புதிது என்பதுபோல் புதிய பள்ளிகள் தொடங்கின. இன்னொரு பக்கத்தில், பெண்ணுக்குக் கல்வியே மார்க்கத்திற்கு விரோதம் என்று கூறுவோரும் கிளம்பினர். 2014 ஏப்ரலில் அதே நைஜீரியாவின் வடகிழக்கில், சிபோக் என்னும் ஊரின் பள்ளிவிடுதியிலிருந்து 276 மாணவியர் கடத்திச் செல்லப்பட்ட செய்தியை உலகம் கேட்டது. கடத்தியவர்கள் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள். அவர்களுடைய நாட்டின் மறுகோடியில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் ஆலிமின் மகள் பெண்களை நூற்றுக்கணக்கில் நடத்தி வரவழைத்து மார்க்கம் கற்பித்த வரலாறு அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் வேண்டாமென்று விட்டார்களா? எதுவாயினும், இஸ்லாத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் எவரேனும் சிபோக்கைக் காட்டிக் கேட்கும்போது, சொகோட்டோவைக் காட்டிப் பதில் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அஸ்மாவின் கையெழுத்துப் பிரதிகள் வஸீரின் வழித்தோன்றல்களிடம் தங்கின. அவ்வழியில் வந்த வஸீர் ஜுனைது (1906–1997) தாமும் அறிஞராதலின் அவற்றைக் கண்ணெனக் காத்து வந்தார். நைஜீரியக் கல்வித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய ஜீன் பாய்ட் என்னும் ஆங்கில அம்மையாரும் ஓர் ஆசிரியையே. அவர் வஸீரின் அனுமதியோடு ஏடுகளைப் படித்து, 1989இல் அஸ்மாவின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 1997இல் பெவர்லி மேக் என்பாருடன் சேர்ந்து பாடல்களையும் தொகுத்துப் பதிப்பித்தார். இன்று நைஜீரியாவில் பள்ளிகள் பல நானா அஸ்மாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஏடுகள் பெட்டியில் உறங்கிய அந்த ஆண்டுகளில் பாடல்கள் உறங்கவில்லை. படிப்பவர் எவருமின்றியே, எழுத்தறியாத மூதாட்டியர் அவற்றைத் தம் பேத்தியருக்குச் சொல்லிக் கொடுத்து வந்தனர். ஷெஹுவின் அடக்கத்தலத்தை நாடி, தலைவியின் பின்னே வரிசையாக நடந்து சொகோட்டோவுக்கு வரும் கிராமத்துப் பெண்களின் வழக்கமும், அஸ்மா மறைந்து நூறாண்டுகளுக்குப் பிறகும் நின்றுபோகாமல் இருந்தது.